பெரிய முட்டை, குறைந்த ஈரம்: வாசகர் கேள்வி – பதில்

நெருப்புக்கோழி, ஈமு, ரியா ஆகிய பறக்காத பெரிய பறவைகளின் முட்டைகளை இன்குபேட்டரில் வைத்துப் பொரிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஈரப்பதத்தைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை எடுத்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கோழி முட்டைக்கு 55 சதவீத ஈரப்பதம் வைத்துப் பழகியவன் நான். நெருப்புக்கோழி முட்டைக்கு 25 போதும் என்கிறார்கள். இவ்வளவு குறைத்தால் உள்ளே கரு காய்ந்துவிடாதா?

காயாது. அதற்கு நேர்மாறான ஆபத்துதான் இந்த முட்டைகளுக்கு அதிகம்.

அடைகாலம் முழுவதும் முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீரை ஆவியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இப்படிப் போகும் தண்ணீரின் இடத்தில்தான் மொண்ணை முனையில் காற்றறை வளர்கிறது. கடைசி நாட்களில் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது இந்தக் காற்றறையில்தான். மஞ்சள் கருவின் கொழுப்பை எரித்துக் கரு வளரும்போது புதிதாகவும் தண்ணீர் உண்டாகிறது. அதுவும் வெளியேறியாக வேண்டும். போகாமல் தங்கினால் குஞ்சின் உடம்பிலேயே தேங்கும்.

கோழி முட்டை 60 கிராம், நெருப்புக்கோழி முட்டை சுமார் 1,500 கிராம். எடை 25 மடங்கு கூடினாலும் மேற்பரப்பு எட்டரை மடங்குதான் கூடுகிறது. ஓடும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். ஒவ்வொரு கிராம் எடைக்கும் ஈரம் வெளியேறக் கிடைக்கும் பரப்பு சிறுத்துப்போவதால், சுற்றியுள்ள காற்று நன்றாக வறண்டிருந்தால்தான் தேவையான அளவு தண்ணீர் போகும். 55 சதவீதத்தில் வைத்தால் கரு நன்றாகவே வளர்ந்து, 40 நாளுக்கு மேல் ஆனபிறகு, பொரியும் தறுவாயில் செத்துப்போகும். உங்கள் உழைப்பு அத்தனையும் வீணாகும் இடம் அது.

தொடக்க அளவுகள் இவை: நெருப்புக்கோழிக்கு 36 முதல் 36.5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 20 முதல் 30 சதவீதம், சுமார் 42 நாள். ஈமுவுக்கு 36.4 டிகிரியை ஒட்டி, ஈரப்பதம் 30 முதல் 40, சுமார் 50 நாள். ரியா 36 முதல் 40 நாளில் பொரியும். முதல் நாள் இன்குபேட்டரில் வைக்கும் எண்கள்தான் இவை. சரியான எண் எது என்பதை முட்டையின் எடைதான் சொல்லும். அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எடை போட்டுப் பார்த்து ஈரப்பதத்தை மாற்றச் சொல்கிறார்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை எடை போட வேண்டும்? கணக்கு எப்படி?

எடை இழப்பு நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே சீராகப் போகும் என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. ஓட்டின் துளைகள் மாறுவதில்லை. வெப்பமும் ஈரப்பதமும் மாறாதவரை இழப்பும் மாறாது. அதனால் இரண்டே வாரத்தில் கடைசி நாள் நிலவரத்தைக் கணித்துவிடலாம்.

முட்டை வந்ததும் மென்மையான பென்சிலால் எண், இட்ட தேதி, தாய்ப்பறவையின் எண் மூன்றையும் ஓட்டில் எழுதுங்கள். மார்க்கர் வேண்டாம், அதன் மை துளைகளில் இறங்கும். இன்குபேட்டரில் வைக்கும் நாளில் எடை போட்டு நோட்டில் குறியுங்கள். இட்ட அன்றே எடை போட முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சேமிப்பில் இருக்கும் நாட்களிலும் முட்டை எடை இழக்கிறது. பிறகு 7 நாளுக்கு ஒரு முறை, அதே தராசில், ஏறத்தாழ அதே நேரத்தில் எடை போட்டால் போதும். நெருப்புக்கோழி முட்டைக்கு 1 கிராம் வரை காட்டும் தராசு சரி. ஈமு முட்டை வாரத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிராம்தான் இழக்கும் என்பதால் 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். எடை மாறாத ஒரு பொருளை, ஓர் இரும்புத் துண்டையோ எடைக்கல்லையோ, ஒவ்வொரு முறையும் முதலில் தராசில் வைத்துப் பாருங்கள். அது மாறிக் காட்டினால் அன்றைக்கு முட்டைகளின் எடையைக் குறிக்காதீர்கள்.

இலக்கு, மொத்த அடைகாலத்தில் தொடக்க எடையில் 13 முதல் 15 சதவீத இழப்பு. 1,480 கிராம் நெருப்புக்கோழி முட்டைக்கு 15 சதவீதம் என்றால் 222 கிராம். 42 நாளுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 37 கிராம். 600 கிராம் ஈமு முட்டைக்கு 15 சதவீதம் 90 கிராம். 50 நாளில் நாளொன்றுக்கு 1.8 கிராம். 15 என்பது கடைசி நாள் வரைக்குமான கணக்கு. 39-ஆம் நாளில் பொரிப்பு அறைக்கு (குஞ்சு வெளிவரும் கடைசி நாட்களுக்கான தனிப்பெட்டி) மாற்றும்போது 14 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே சரியாகப் போகிறது என்று பொருள்.

இனி திருத்தும் வழி. நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்தால் வருவதை வறட்சி எண் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் மாறாதவரை எடை இழப்பு இந்த வறட்சி எண்ணுக்கு நேர்விகிதத்தில் நடக்கிறது. மேலே சொன்ன 1,480 கிராம் முட்டை 35 சதவீத ஈரப்பதத்தில் 14 நாளில் 56 கிராம் இழந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 4 கிராம். இப்படியே போனால் 42 நாளில் 168 கிராம், அதாவது 11.4 சதவீதம்தான். குறைந்தது 13 சதவீதத்தையாவது எட்ட 192 கிராம் போக வேண்டும். மீதி 136 கிராமை 28 நாளில் இழக்க நாளுக்கு 4.9 கிராம் தேவை. இப்போதைய வறட்சி எண் 65; அதை 4.9-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் சுமார் 79. ஆக, ஈரப்பதத்தை 21-க்கு இறக்க வேண்டும்.

இதையே 28-ஆம் நாளில் கவனித்தால் 10-க்கும் கீழே, 7 சதவீதத்தை ஒட்டி வைக்க வேண்டியிருக்கும். அந்த அளவு வறட்சியை எந்தப் பண்ணையிலும் எளிதில் கொண்டுவர முடியாது. முதல் இரண்டு வார எடையைத் தவற விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு முட்டை மட்டும் திடீரென்று வழக்கத்தைவிட வேகமாக எடை இழந்தால் ஈரப்பதத்தைத் தொடாதீர்கள். மயிரிழை விரிசல் இருக்கலாம், உள்ளே கெட்டுப்போயிருக்கலாம். மோந்து பாருங்கள், நாற்றம் வந்தாலோ ஓட்டில் கசிவு தெரிந்தாலோ உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். வெடித்தால் பக்கத்து முட்டைகளும் போகும்.

கேள்வி: இன்குபேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வைக்கவில்லை. ஆனாலும் மழைக்காலத்தில் 50 சதவீதம் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டர் சரியாகத்தான் இருக்கும். ஈரம் அறைக்காற்றோடு உள்ளே வருகிறது. 28 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள காற்றை 36.4 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 50 சதவீதம் ஆகும். நீங்கள் பார்ப்பது அதே எண்.

இதைக் கணிக்கச் சுலபமான வழி பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. காற்றைச் சூடாக்கினாலும் பனிநிலை மாறாது. உங்கள் அறையின் பனிநிலை 10 டிகிரி என்றால், தண்ணீர் வைக்காத இன்குபேட்டருக்குள் ஈரப்பதம் 20 சதவீதம் இருக்கும். 15 டிகிரி என்றால் 28. 20 என்றால் 39. 25 என்றால் 52. கைப்பேசியின் வானிலைச் செயலியில் பனிநிலையும் இருக்கும். அறை திறந்த அறையாக இருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, உலர்த்த வேண்டியது இன்குபேட்டரை அல்ல, அது நிற்கும் அறையை. ஏசி வைத்து அறையை 24 டிகிரி, 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் இன்குபேட்டருக்குள் 30 கிடைக்கும். ஈமுவுக்கு அது போதும். நெருப்புக்கோழிக்கு 20 டிகிரி, 50 சதவீதம் வரை இறக்க வேண்டும். அப்போது உள்ளே 19 வரும். டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவி) தனியாக ஓடினால் அறையைச் சூடாக்கும். ஏசியும் அதுவும் சேர்ந்து ஓடுவதே நல்லது. இரண்டு வழியாகவும் வடியும் தண்ணீர்க் குழாயை அறைக்கு வெளியே விடுங்கள். வாளியில் பிடித்து அதே அறையில் திறந்து வைத்தால் கொஞ்சம் ஈரம் திரும்பிவிடும். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, தரையை ஈரத்துணியால் துடைப்பதைக் கைவிடுங்கள்.

பலர் மறந்துபோகும் இன்னொன்று: முட்டைகளே ஈரத்தைக் கக்குகின்றன. 100 நெருப்புக்கோழி முட்டைகள் இருந்தால் நாளுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் ஆவியாகி உள்காற்றில் சேரும். அதை வெளியேற்றக் காற்றோட்டம் வேண்டும். 20 டிகிரி, 50 சதவீத அறைக்காற்று வந்தால், உள்ளே 25 சதவீதத்தில் நிறுத்த மணிக்கு 9 முதல் 10 கனமீட்டர் காற்று மாற வேண்டும். அறைக்காற்றே 24 டிகிரி, 60 சதவீதமாக இருந்தால் எத்தனை கனமீட்டர் தள்ளினாலும் 25 வராது; உள்ளே வரும் காற்றிலேயே 30-க்கான ஈரம் இருக்கிறது. காற்றுத்துளைகளை முழுக்கத் திறந்தும் ஈரம் இறங்கவில்லை என்று எழுதியிருக்கும் மற்ற வாசகர்களுக்கும் இதுவே பதில்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு வறண்ட நிலையில் அது தன் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் ஈரம் பிடிக்கும். பத்து முட்டை நாளுக்கு 54 கிராம் தண்ணீர் விடும். அதற்கே தினமும் அரை கிலோவுக்கு மேல் ஜெல்லை மாற்றி, பழையதை அடுப்பில் உலர்த்தி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முட்டை வைக்கும் சிறு பெட்டிக்கு மட்டும் சரிப்படும்.

கேள்வி: என்னிடம் இரண்டு ஈரமானிகள். ஒன்று 24 காட்டுகிறது, மற்றது 33. எதை நம்புவது?

சோதித்துப் பார்க்கும்வரை இரண்டையும் நம்ப வேண்டாம். மலிவான டிஜிட்டல் ஈரமானிகள் 50, 60 சதவீதத்தில் சுமாராகச் சரியாக இருந்து, 30-க்குக் கீழே வரும்போது தடுமாறும். நமக்கு வேண்டியதோ அந்த எல்லைதான்.

சமையல் உப்புச் சோதனையைப் பலரும் செய்கிறார்கள். ஈர உப்பின் மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும். ஆனால் 75-இல் சரியாகக் காட்டும் கருவி 25-இல் சரியாகக் காட்டும் என்ற உத்தரவாதம் இல்லை. மெக்னீசியம் குளோரைடு வாங்கிச் செய்யுங்கள். 25 டிகிரி அறையில் அது 33 சதவீதத்தில் நிறுத்தும். ஒரு பாட்டில் மூடியில் இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மேலே தண்ணீர் தேங்கி நின்றால் கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் உப்புச் சேருங்கள். காற்றுப் புகாத டப்பாவில் மூடியையும் ஈரமானியையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடி, வெப்பம் அதிகம் மாறாத இடத்தில் 12 மணி நேரம் விடுங்கள். 38 காட்டினால் அந்தக் கருவி 5 கூட்டிக் காட்டுகிறது. அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இன்குபேட்டரைப் புகைமூட்டம் போட்டுச் சுத்தம் செய்பவர்கள் சென்சாரைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்; மருந்து ஆவி அதைக் கெடுக்கும்.

ஈர பல்ப், உலர் பல்ப் வெப்பமானி (ஒன்றின் பல்பில் ஈரத் திரி சுற்றிய இரட்டை வெப்பமானி) இருந்தால் அது இன்னும் நம்பகமானது. உலர் பல்ப் 36.4 டிகிரி காட்டும்போது, ஈர பல்ப் 20 என்றால் ஈரப்பதம் 20 சதவீதம், 21.3 என்றால் 25, 22.6 என்றால் 30, 25.1 என்றால் 40, 27.3 என்றால் 50. ஒரு டிகிரி பிசகினால் நான்கு சதவீதம் பிசகும் என்பதைக் கவனியுங்கள்.

இதில் தவறு நுழைவது திரி வழியாக. திரியில் உப்புப் படிந்தாலோ, அழுக்கேறி விறைத்தாலோ, தண்ணீர் ஏறாமல் நுனி காய்ந்தாலோ ஈர பல்ப் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஈரம் அதிகம் என்று நினைத்து நீங்கள் மேலும் உலர்த்துவீர்கள், முட்டை தேவைக்கு மேல் காயும். சுத்தமான பருத்தித் திரி, காய்ச்சி வடித்த நீர், வாரம் ஒரு முறை புதுத் திரி. பல்பின் மேல் காற்று வீசிக்கொண்டிருக்க வேண்டும். விசிறியின் காற்று படாத மூலையில் வைத்தால் அதே தவறு நடக்கும்.

கேள்வி: ஒரே இன்குபேட்டர், ஒரே ஈரப்பதம் 25. ஆனால் ஒரு முட்டை 10 சதவீத இழப்பை நோக்கிப் போகிறது, இன்னொன்று 19 சதவீதத்தை நோக்கி. யாருக்காக மாற்றுவது?

இரண்டுக்குமாக ஒரே எண்ணைத் தேடினால் இரண்டும் போகும். ஓட்டின் தடிமனும் துளைகளின் எண்ணிக்கையும் முட்டைக்கு முட்டை மாறுவது இந்தப் பறவைகளில் அதிகம். உங்கள் 19 சதவீத முட்டையை 15-க்குக் கொண்டுவர 41 சதவீத ஈரப்பதம் வேண்டும். 10 சதவீத முட்டையை 13-க்கு ஏற்றவோ கிட்டத்தட்ட ஈரமே இல்லாத காற்று வேண்டும்.

இரண்டு சிறு இன்குபேட்டர்கள் இருந்தால் ஒன்றை 20 சதவீதத்திலும் மற்றதை 40 சதவீதத்திலும் வைத்து, 14-ஆம் நாள் எடையைப் பார்த்து முட்டைகளைப் பிரியுங்கள். ஒரே பெரிய இன்குபேட்டரைவிட இரண்டு சிறியவை மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. பறவையின் எண்ணை ஓட்டில் எழுதச் சொன்னதன் பயனும் இங்கேதான் தெரியும். ஒரே பறவை இடும் முட்டைகளின் ஓடு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பறவையின் இரண்டு மூன்று முட்டைகள் மெதுவாக எடை இழந்தால், அடுத்ததை முதல் நாளிலிருந்தே வறண்ட இன்குபேட்டரில் வைத்துவிடலாம்.

வேகமாக இழக்கும் முட்டைக்கு இரண்டாவது இன்குபேட்டர் இல்லையென்றால், ஓட்டின் ஒரு சிறு பகுதியில் உருக்கிய பாரஃபின் மெழுகை மெல்லப் பூசலாம். பரப்பில் பத்தில் ஒரு பங்கை மூடினால் இழப்பும் ஏறக்குறைய அந்த அளவு குறையும். காற்றறைப் பக்கம் ஒருபோதும் பூசக்கூடாது. கடைசி வாரத்தில் கருவுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும்போது மூச்சுத் திணறும். மெதுவாக இழக்கும் முட்டைக்குச் சிலர் காற்றறைக்கு மேலே ஓட்டில் 2 மில்லிமீட்டர் துளையிட்டு, காற்றுப் புகும் மருத்துவ டேப்பால் மூடுகிறார்கள். எடை கூடுதலாகப் போவது உண்மைதான். ஆனால் உள்சவ்வில் ஊசிமுனை அளவு பட்டாலும் கிருமி நுழையும். எப்படியும் சாகப்போகிறது என்று எடைக் கணக்கு உறுதியாகச் சொல்லும் முட்டைக்கு மட்டும், கையையும் கருவியையும் கிருமிநீக்கம் செய்துகொண்டு செய்யுங்கள்.

கேள்வி: ஈமு முட்டைக்குள் டார்ச் அடித்தால் எதுவும் தெரியவில்லை. காற்றறையை எப்படிப் பார்ப்பது?

கரும்பச்சை ஓட்டின் வழியே சாதாரண ஒளி போகாது. நெருப்புக்கோழி முட்டையை இருட்டறையில் பலமான விளக்கை வைத்துப் பார்த்து, காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் வாராவாரம் வரைந்துகொண்டே வரலாம். ஈமுவுக்கு அகச்சிவப்பு ஒளியும் அதைப் பார்க்கும் கேமராவும் தேவை. அவை இல்லையென்றால் எடையை மட்டும் நம்புங்கள், அதுவே போதும். கரு இல்லாத முட்டையும் இதேபோல எடை இழக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எடை சரியாகக் குறைவதால் உள்ளே உயிர் இருக்கிறது என்று ஆகாது.

கேள்வி: பொரியும் நாளில் ஐந்து முட்டைகள் பொரியவில்லை. உடைத்துப் பார்த்தால் குஞ்சு முழுதாக வளர்ந்து செத்திருக்கிறது. காரணம் ஈரப்பதமா?

உடைத்துப் பார்த்தது நல்ல காரியம். காரணத்தைச் சொல்ல இரண்டு தகவல் வேண்டும்: கடைசி எடை, குஞ்சின் தோற்றம்.

ஈரம் போதிய அளவு போகாத குஞ்சு முட்டையை அடைத்துக்கொண்டு இருக்கும். கழுத்துப் பின்புறமும் கால்களும் உப்பி, தோலை அழுத்தினால் கூழ் போன்ற நீர் தேங்கியிருப்பது தெரியும். காற்றறை சிறியதாக இருக்கும். நெருப்புக்கோழிக் குஞ்சு ஓட்டை உடைக்கக் காலால் உந்தித் தலையாலும் கழுத்தாலும் தள்ள வேண்டும். வீங்கிய குஞ்சுக்கு அதற்கு இடமும் இல்லை, பலமும் இல்லை. காற்றறைச் சவ்வைக் கிழித்த பிறகும் அங்கே உள்ள சொற்பக் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். இவற்றில் சில பொரிந்து வந்தாலும் மூடாத தொப்புளும் இரு பக்கமும் விரிந்துபோகும் கால்களுமாகச் சில நாளில் சாகும்.

மிகையாகக் காய்ந்த முட்டையில் காற்றறை மிகப் பெரிதாக இருக்கும். குஞ்சு சிறுத்து மெலிந்திருக்கும். சவ்வு ரப்பர் போல இறுகி இறகோடு ஒட்டியிருக்கும்.

இரண்டுமே இல்லாமல் எடையும் 13-க்கும் 15-க்கும் நடுவில் இருந்தால் ஈரப்பதத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். தலை காற்றறைக்கு எதிர்ப்புறம் இருந்ததா என்று பாருங்கள். முட்டையைத் தலைகீழாக வைத்திருந்தாலோ, உருட்டும் கருவி நின்றுபோயிருந்தாலோ அப்படி ஆகும். இன்குபேட்டருக்குள் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வெப்ப வித்தியாசம் இருக்கிறதா என்பது அடுத்த சந்தேகம். முதல் பத்து நாளில் சாகும் கருக்களுக்கும் ஈரப்பதத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. சேமிப்பு, வெப்பம், உருட்டல் ஆகியவற்றில் தேடுங்கள்.

கேள்வி: கோழிக்குக் கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தை 70-க்கு ஏற்றுவேன். இவற்றுக்கும் அப்படிச் செய்யலாமா?

தேதியைப் பார்த்து ஏற்றாதீர்கள். கடைசி நாட்களிலும் முட்டை எடை இழக்க வேண்டியிருக்கிறது, முக்கியமாக இழப்பில் பின்தங்கிய முட்டைகள். நெருப்புக்கோழி முட்டையை 39-ஆம் நாளில் பொரிப்பு அறைக்கு மாற்றி, உருட்டுவதை நிறுத்தி, வெப்பத்தைக் கால் முதல் அரை டிகிரி குறைத்து, ஈரப்பதத்தை அதே அளவில் விடுங்கள். குஞ்சு ஓட்டை வெளிப்பக்கம் உடைத்த பிறகு 40, 50 வரை ஏற்றலாம். உடைந்த இடத்தில் சவ்வு வெண்மையாகத் தெரிந்து, நெகிழ்வாக இருந்தால் ஈரம் போதும். பழுப்பேறி, தோல் போல இறுகினால் ஈரம் குறைவு.

பொரிப்பு அறையையும் இன்குபேட்டரையும் ஒன்றாக வைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல். ஒரு குஞ்சு வெளியே வந்தால் அதன் ஈர உடம்பே பெட்டியின் ஈரத்தை ஏற்றிவிடும். 15-ஆம் நாளில் இருக்கும் முட்டைகளுக்கு அது கேடு. பொரிக்கும் முட்டைகளுக்குத் தனிப்பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்.

உள்ளே சவ்வைக் கிழித்துவிட்டது, கீச்சொலி கேட்கிறது, ஆனால் 24 மணி நேரமாகியும் ஓடு உடையவில்லை என்றால் காற்றறைக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யலாம். அதற்கு மேல் குஞ்சை வெளியே இழுக்க அவசரப்படாதீர்கள். மஞ்சள் கருப் பை உள்ளே இழுத்துக்கொள்ளப்படும் முன் எடுத்தால் ரத்தம் வடிந்து சாகும்.

கேள்வி: நாங்கள் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். சமவெளியில் இருப்பவர்கள் சொன்ன 25 சதவீதத்தை வைத்தால் முட்டை மிகையாகக் காய்கிறது. ஏன்?

உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஓட்டுத் துளைகளின் வழியே நீராவி வேகமாகப் பரவி வெளியேறும். 1,500 மீட்டரில் அந்த வேகம் கடல் மட்டத்தைப் போல 1.2 மடங்கு. வறட்சி எண் 75-ஐ 1.2-ஆல் வகுத்தால் 62 முதல் 63. அதனால் நீங்கள் தொடங்க வேண்டிய ஈரப்பதம் 37 சதவீதம். எடையை வைத்துத் திருத்துவது எல்லோருக்கும் போலத்தான்.

கேள்வி: இப்போது தண்ணீர்த் தட்டு வைக்கிறேன். தட்டில் வழவழப்பாகப் பாசி போலப் படிகிறது. ஸ்ப்ரேயர் வைப்பது நல்லதா?

ஸ்ப்ரேயர் வேண்டாம். நீர்த்துளி முட்டையின் மேல் படிந்தால், அதோடு கிருமியும் துளைக்குள் இறங்கும். இதே காரணத்தால்தான் 15, 16 டிகிரியில் சேமித்த முட்டையை நேராக இன்குபேட்டரில் வைக்கக்கூடாது. ஓட்டில் வியர்வை போல நீர் படியும். அரை நாள் அளவு ஏசி அறையில், 24 டிகிரியில் வைத்துவிட்டுப் பிறகு வையுங்கள்.

தட்டு போதும். ஆவியாவது நீரின் மேற்பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்ததல்ல. ஈரம் குறைக்கத் தண்ணீரைக் குறைக்காமல், சிறிய தட்டாக மாற்றுங்கள், அல்லது தட்டின் ஒரு பகுதியைக் கண்ணாடியால் மூடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி, இரண்டு நாளுக்கு ஒரு முறை தட்டை வெளியே எடுத்துக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து வையுங்கள். மேலே தண்ணீரை நிரப்பிக்கொண்டே போனால் வழவழப்பு போகாது. உங்கள் எடைப் பதிவைப் பார்த்தால் 12 சதவீதத்துக்கும் கீழே போகிறது. அப்படியிருக்கத் தட்டே தேவையில்லை, இன்றே எடுத்துவிடுங்கள்.